கியர் போட்டதும் நின்றுபோகும் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டிக்கு வரும் நோய்கள் பல. அவற்றுள் மனிதரைப் பெரிதும் ஏமாற்றுவது ஒன்றுண்டு. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒழுங்காகக் கிளம்பும். நின்ற நிலையிலே அரைமணி நேரமாயினும் சோர்வின்றி ஓடும். சாரதி கியரைப் போட்டதும் ஒருமுறை குலுங்கி அடங்கிவிடும். மீண்டும் சாவி, மீண்டும் ஓட்டம், மீண்டும் கியர், மீண்டும் மௌனம். உள்ளே இருக்கும் குடும்பத்தாருக்கு உடனே தோன்றுவது, "கியர்ப்பெட்டி போய்விட்டது" என்பதே. அயலில் நிற்பவர்களும் அதனையே சொல்வர். கராஜிலும் சிலர் அதனையே சொல்லி, கூடவே விலையையும் சொல்லிவிடுகின்றனர். ஆனால் நேரிற் பார்த்து ஆராய்ந்தால், பல வேளைகளிற் குற்றவாளி கியர்ப்பெட்டி அன்று என்பது தெரியவரும்.

நகரத்தில் இருப்பவர்க்கு இஃது ஒரு சிறு தொல்லை. வெருகல் போன்ற ஊரிலோ அப்படியன்று. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையிலே, மகாவலியின் கிளையொன்று கடலை நாடும் வழியில் அமைந்த ஊர் அது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் வருடாந்த உற்சவத்துக்கு மட்டக்களப்பிலிருந்தும் மூதூரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கார்களும் வான்களும் வந்து குவியும். உற்சவம் முடிந்தால் வீதி மறுபடியும் வயல்களுக்கும் பற்றைக்காடுகளுக்கும் நடுவே அமைதியாய்க் கிடக்கும். அங்கே ஒரு வண்டி கியரை ஏற்க மறுத்து நின்றுவிட்டால், அதனை லொறியில் ஏற்றிப் பட்டினத்துக்கு அனுப்புவதற்கே ஒரு தொகை வேண்டும். உள்ளே ஒரு நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ இருந்துவிட்டால், பேச்சே வேறு.

முன்னாளில் இவ்வழியிற் பிரயாணம் செய்தவர்கள் இன்னும் நன்றாக அறிவர். வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா எனத் துறைக்குத் துறை இறங்கி, நம்மவர் 'பாதை' என வழங்கும் மிதவையிலே வண்டியை ஏற்றி அக்கரை சேரவேண்டியிருந்தது. சரிவான கரையில் இறங்கி, ஆடும் பலகைமீது அங்குலம் அங்குலமாக ஏறுகையில் எஞ்சின் நின்றால் என்னவாகும்? எஞ்சின் நின்றவுடன் பிரேக்கிற்குத் துணைபுரியும் விசையும் இரண்டொரு மிதிப்பிலே தீர்ந்துபோகும். பவர் ஸ்ரியரிங் உள்ள வண்டியாயின் அதுவும் கல்லாகிவிடும். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றைத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பாதையின் அச்சம் நீங்கியது. எனினும் சரிவுகளும் நாற்சந்திகளும் ரெயில்வேக் கடவைகளும் நாடெங்கும் உள்ளன. ஆதலின் இந்நோயைச் "சாவியைத் திருப்பினால் மறுபடியும் ஓடும்தானே" என்று அலட்சியம் செய்தல் தகாது.

நோயை அறிவதற்கு வண்டில் மாட்டை நினைத்துக்கொண்டாற் போதும். கொட்டிலில் நிற்கும் மாடு திடமாகத்தான் நிற்கிறது. நுகத்தைக் கழுத்தில் வைத்து ஓட்டியதும் முழங்காலை மடித்துவிடுகிறது. குறை எங்கே? ஒன்று, மாட்டிலே பலமில்லை. நிற்கப் போதிய பலம் இழுக்கப் போதவில்லை. மற்றொன்று, மாடு நல்ல மாடுதான். வண்டிலின் சில்லு சேற்றில் இறுகிக் கிடக்கிறது. கியரிற் போட்டதும் நிற்கும் எந்த வண்டியும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்ததே. எஞ்சினுக்குப் பலமில்லையா, அல்லது அது கட்டுண்டு கிடக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்கு முன் கியர்ப்பெட்டியைக் கழற்றுபவன், நாடி பார்க்குமுன் வயிற்றைக் கீறும் வைத்தியனுக்கு ஒப்பானவன்.

கிளச் பெடல் இல்லாத ஒட்டோமற்றிக் வண்டி, கியரில் இருந்தபடியே நாற்சந்தியில் நிற்க முடிவது எப்படி? இதனைக் கண்டுபிடித்த கதை கப்பற்றுறையிலே தொடங்குகிறது. இயற்கைத் துறைமுகத்தைக் கண்முன் வைத்திருக்கும் திருகோணமலை வாசகர்களுக்கு அக்கதை சுவைக்கும் என நம்புகிறோம். ஜெர்மனியின் ஸ்ரெற்றின் நகரில் 'வுல்கன்' என்னும் கப்பல் கட்டும் தளத்திலே ஹெர்மன் ஃபொற்றிங்கர் என்ற பொறியியலாளர் பணிபுரிந்தார். நீராவிச் சுழலிகள் மிகுந்த வேகத்தில் ஓடுவன. கப்பலின் சுழல்விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரை நன்கு தள்ளும். இவ்விரண்டையும் பற்சக்கரமின்றி இணைக்கும் உபாயமாக, திரவத்தையே நடுவாளாக வைக்கும் பொறியை அவர் அமைத்து, 1905 ஆம் ஆண்டிலே அதற்குக் காப்புரிமை பெற்றார்.

வீட்டிலேயே இதனைப் பார்க்கலாம். இரண்டு மேசை மின்விசிறிகளை முகத்துக்கு முகம் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அது தள்ளும் காற்றிலே மற்றையதும் சுழலத் தொடங்கும். சுழலும் இரண்டாவது விசிறியின் மூடியை அகற்றாது, வெளியிலிருந்தே ஓர் அட்டையை நடுவே நுழைத்துக் காற்றை மறித்தால் அது தளர்ந்து நிற்கும், முதலாவதோ நிற்காது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் ஒட்டோமற்றிக் வண்டியின் 'டோர்க் கொன்வேர்ட்டர்' ஆகும். இடையிலே மூன்றாவதாக ஒரு சிறு சக்கரம் இருந்து, திரும்பிவரும் எண்ணெயை நல்ல திசைக்குத் திருப்பிவிடும். அதனாற் கிளம்பும் வேளையில் முறுக்குவிசையும் கூடுகிறது. சில்லுகள் பிரேக்கிலே நிற்கும்பொழுதும் எஞ்சின் நிற்காது ஓடுவது, இந்த எண்ணெய் வழுக்கிக்கொடுப்பதனாலேதான்.

வழுக்குதல் நல்லதாயினும் அதிலே விரயமும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்பொழுது எண்ணெய் வழுக்குவதாற் பெற்றோல் வீணாகிறது. ஆகவே வேகம் கூடியதும் இரு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஒரு சிறு கிளச்சைக் கொன்வேர்ட்டரினுள்ளேயே வைத்தனர். அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி 1949 இலேயே இதனைச் செய்தது. எண்ணெய் விலை ஏறிய பின்னர், 1978 முதல் கிறைஸ்லர் கம்பனி மீண்டும் கைக்கொள்ள, மற்றையோரும் தொடர்ந்தனர். இன்றைய ஒட்டோமற்றிக் வண்டிகளில் இஃது ஏறக்குறைய எங்கும் உண்டு. இந்தப் பூட்டு, திறக்கவேண்டிய வேளையிலே திறவாமற் போனால் என்னவாகும் என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம். முதலில் மாட்டைப் பார்ப்போம்.

ஒட்டோமற்றிக் வண்டியைக் கியரிற் போட்டவுடன் எஞ்சினுக்கு ஒரு சுமை ஏறுகிறது. எண்ணெயைத் தள்ளும் சுமை அது. சிறிய கார்களிலே நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரை ஓடும். கியரிற் போட்டதும் சற்று இறங்கி, உடனே சமாளித்துக்கொள்ளும். அவ்வாறு சமாளிக்கும் பலம் இல்லாதபோதுதான் அணைகிறது. பலமின்மைக்குக் காரணங்கள் பெரும்பாலும் மலிவானவை. எஞ்சினுக்குட் காற்றுப் போகும் வாயிலில், 'திரொட்டில்' தட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். கால் எடுத்த நிலையிலே தட்டு ஏறக்குறைய மூடிக்கிடப்பதால், அந்தச் சிறு இடைவெளியிற் படியும் கரியே மூச்சை அடைத்துவிடும். காற்றை அளந்துவிடும் ஐடில் வால்வும் அவ்வாறே ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் குழாயொன்று வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே புகும். பிளக் தேய்ந்து, ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். பெற்றோல் வடி அடைத்திருக்கும். பழைய கார்புரேற்றர் வண்டியாயின், ஐடில் திருகாணியை யாரோ திருகிவிட்டிருப்பர். ஒரு துணியும், அதற்குரிய சுத்திகரிப்புத் திரவமும், ஒரு மணி நேரமும் இருந்தால் இவற்றுட் சில தீர்ந்துபோகும். கணினி பொருத்திய வண்டிகளிலே கரியை அகற்றிய பின், புதிய காற்றளவைக் கணினி மறுபடியும் கற்றுக்கொள்ளச் சிறிது ஓட்டமோ தனிப்பட்ட ஒரு முறையோ வேண்டும். அதுவரை ஐடில் தாறுமாறாக இருந்தாற் பயப்படவேண்டியதில்லை.

பலம் குறைந்த மாட்டைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வண்டியை நியூட்ரலிலேயே விட்டு, ஹெட்லைற்றைப் போடுங்கள், பின்புறக் கண்ணாடியைச் சூடாக்கும் பொத்தானையும் அழுத்துங்கள், ஏ.சி. இருந்தால் அதனையும் போடுங்கள். இவையும் சுமைகளே. கியரைத் தொடாமலே எஞ்சின் தள்ளாடினால், கியர்ப்பெட்டியின்மீது பழியில்லை.

இங்கே ஒரு கள்வனைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒட்டோமற்றிக் வண்டியிலே கியரை நகர்த்துமுன் சாரதி என்ன செய்கிறார்? பிரேக்கை மிதிக்கிறார், மிதிக்காவிட்டாற் கியர்த்தடியே நகராது. பெற்றோல் வண்டிகளில் அந்த மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்ரர், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்திலேயே வேலை செய்வது. பூஸ்ரரின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்திருந்தால், ஒவ்வொரு மிதிப்பிலும் அதன் வழியே காற்றுப் பாய்ந்து எஞ்சினைத் திணறடிக்கும். வண்டி நிற்பது பிரேக்கினால். பழி வந்து சேர்வது கியருக்கு! நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துப் பாருங்கள். 'உஸ்' என்ற ஒலி காலடியிற் கேட்டு, எஞ்சின் தளர்ந்தாற் கள்வன் அகப்பட்டான். இவ்வண்டியை ஓட்டுதல் ஆபத்து என்பதையும் சொல்லவேண்டியதில்லை. டீசல் வான்களிலே வெற்றிடத்துக்குத் தனிப் பம்பு இருப்பதால், நம் ஊர்களில் யாத்திரிகரை ஏற்றிச்செல்லும் பழைய 'டொல்பின்' வான்களுக்கு இக்கதை பொருந்தாது.

இனி, சில்லு இறுகிய வண்டில். முன்னே சொன்ன பூட்டுக் கிளச் திறவாமற் கிடந்தால், எண்ணெய் வழுக்குவதற்கு இடமேயில்லை. எஞ்சினும் சில்லும் இரும்பால் இணைந்தனபோலாகின்றன. கியர் விழுந்தவுடன் வண்டி 'தடக்' என்று முன்னே பாய்ந்து, அந்தக் கணமே சாகும். பலங்குறைந்த எஞ்சின் அவ்வாறு சாவதில்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கைப்போல நடுங்கி நடுங்கியே அணையும். பழக்கமுள்ள சாரதியின் உடம்பு இந்த வேற்றுமையை உடனே உணரும். இன்னுமோர் அடையாளம்: பூட்டுத் திறவாத வண்டி, எவ்வாறோ ஓடத் தொடங்கிவிட்டால் நன்றாகவே ஓடும், சந்தியில் நிறுத்தப் பிரேக்கை மிதித்ததும், கிளச்சை மிதிக்க மறந்த சாரதியின் வண்டிபோல உதறி நிற்கும். இத்தகைய வண்டிக்குங்கூட முழுக் கியர்ப்பெட்டியை மாற்றுதல் எப்பொழுதும் வேண்டியதில்லை. பூட்டைத் திறக்கவும் மூடவும் எண்ணெயை அனுப்பும் 'சொலனோயிட்' என்னும் சிறு மின்வால்வே சிக்கியிருக்கலாம். அதற்குச் செல்லும் மின்னிணைப்பைக் கழற்றியதும் நோய் நீங்கினால், கோளாறு மின்சாரப் பக்கத்தில். நீங்காவிட்டால், வால்வு அழுக்கினால் இறுகியதோ, கிளச்சே ஒட்டிக்கொண்டதோ என ஆராயவேண்டும். இது வல்லவர் கைக்குரிய வேலை. நாமே கையிடுதல் வேண்டாம்.

கியர்ப்பெட்டி எண்ணெய் குறைந்ததால் வண்டி நிற்கிறது என்று சொல்பவர் அநேகர். எமக்கு இதில் உடன்பாடில்லை. எண்ணெய் குறைந்தால் வண்டி வழுக்கும். கியர் பிந்தி விழும். எஞ்சின் இரைந்தும் வண்டி நகராது. சுமை குறைவதன் அடையாளங்கள் அவை. கூடுவதன் அடையாளங்கள் அல்ல. எண்ணெயை அளந்து பார்ப்பது என்றும் நல்லதே. ஆனால் அளவு சரியாயிருக்க, "எதற்கும் ஒரு போத்தல் ஊற்றுவோம்" என்று ஊற்றினால், மிகுந்த எண்ணெய் நுரைத்துப் புதுநோயை உண்டாக்கும்.

கிளச் பெடல் உள்ள வண்டிகளுக்கு வேறு நாடி. பெடலை முற்றாக மிதித்தபடி முதலாம் கியரைப் போடும்பொழுதே வண்டி துள்ளி நிற்கிறதா, பெடலை விடும்பொழுது நிற்கிறதா என்பதே முதற் கேள்வி. விடும்பொழுது நின்றால், புதுச் சாரதியின் காலையும், எஞ்சினின் பலத்தையும், பிடித்துக்கொண்ட பிரேக்கையும் பார்க்கவேண்டும். மிதித்தபடியே இருக்க நின்றால், கிளச் விடுபடவில்லை என்பது தீர்மானம். சோதனைக்குச் செலவில்லை. சமதரையிலே எஞ்சினை நிறுத்தி, ஹான்ட் பிரேக்கைத் தளர்த்தி, முதலாம் கியரிற் போட்டு, ஒருவர் உள்ளே இருந்து பெடலை அடிவரை மிதிக்க, மற்றொருவர் வண்டியைப் பின்னிருந்து தள்ளட்டும். வண்டி இலகுவாக உருண்டாற் கிளச் சுகம். கட்டிப்போட்டதுபோல் அசையாதிருந்தாற் கிளச் ஒட்டிக்கிடக்கிறது. சரிவிலே இதனைச் செய்துவிடாதீர்கள்.

கிளச் விடுபடாமைக்குக் கம்பி தளர்ந்திருக்கலாம். எண்ணெயால் இயங்கும் வகையாயின், சிறு சிலிண்டரின் ரப்பர் வளையம் ஒழுகிக் காற்றுப் புகுந்திருக்கலாம். பெடலை நாலைந்து முறை விரைவாக மிதித்தபின் கியர் நல்லபடி விழுந்தால் இந்த ஒழுக்கே காரணம். ஆனால் வெருகற் பகுதிக்கு மிகவும் பொருத்தமான காரணம் வேறொன்று. அது துரு. மாரி பிறந்தால் மகாவலி நீர் பெருகி இவ்வூர்களைச் சூழ்வது வழக்கம்; 2011 சனவரியிற் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம் செய்த அழிவை எவரும் மறந்திரார். வெள்ளத்தில் அரைச்சில்லு மூழ்கி நின்ற வண்டி, நீர் வடிந்த பின்னும் நாட்கணக்கில் அசையாது கிடந்தால், ஈரமேறிய கிளச் தட்டு, எஞ்சினின் இரும்புச் சக்கரத்தோடு துருவினாற் பிணைந்துவிடும். வெயிலடித்ததும் வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சாவியைத் திருப்புவார், எஞ்சின் கிளம்பும், கியர் போட்டதும் வண்டி முன்னே பாய்ந்து நிற்கும். முற்றத்திற் பிள்ளைகள் நின்றால் விபரீதமாகிவிடும். 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்திலே வாரக்கணக்காக அசையாதிருந்த வண்டிகளுக்கும் இவ்வாறு நேரக்கூடும். கடற்காற்று வீசும் கரையூர்களில் வெள்ளமே வேண்டியதில்லை. உப்புக் காற்று ஒன்றே போதும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போர் இந்நோயை நன்கு அறிவர். வேலையில்லாக் காலத்தில் நிறுத்திவைக்கும்பொழுது, கிளச் பெடலை மிதித்த நிலையிலேயே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். தட்டு விலகி நிற்பதால் ஒட்டுவதில்லை. சில உழவு இயந்திரங்களில் அதற்கெனக் கொக்கியே பொருத்தி வருகிறது. காரை அவ்வாறு வைக்கவேண்டியதில்லை. வாரத்துக்கொருமுறை எஞ்சினை ஓட்டி, முற்றத்திலே முன்னும் பின்னும் இரண்டு முழம் நகர்த்திவிட்டாற் போதும்.

பட்டறைகளிலே அடிக்கடி தப்பிவிடும் மற்றொரு காரணமும் உண்டு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைச் சொல்கிறோம். முன்னே செல்லக் கியரிட்டால் எஞ்சின் ஒரு பக்கமும், பின்னே செல்ல இட்டால் மறுபக்கமும் சாய முயலும். மவுண்ட் உடைந்திருந்தால், அந்தச் சாய்விலே ஒரு மின்கம்பியோ குழாயோ இழுபட்டுக் கழலும், எஞ்சின் நிற்கும், நின்றதும் எஞ்சின் பழைய நிலைக்கு வர, கம்பியும் தொட்டுக்கொள்ளும்! கணினிக்கும் பிடிபடாது. 'டீ'யில் நிற்கும் வண்டி 'ஆர்' இலே நிற்காமல் ஓடினாலும், அதன் மறுதலையாயினும், முதலில் இதனைச் சந்தேகியுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க, மற்றவர் பிரேக்கை அழுத்தியபடி கியரை மாற்றினால், எஞ்சின் எழும்பிக் குதிப்பது கண்ணுக்கே தெரியும். பார்ப்பவர் வண்டிக்கு முன்னே நிற்கலாகாது; சில்லுக்குக் கல் வைத்திருக்கவேண்டும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூட்ரலில் நன்றாக ஓடி, முதலாம் கியரைப் போட்டதும் சட்டென்று அணைந்தால், கராஜுக்கு ஓடுமுன் இடது காலடியைப் பாருங்கள். பக்கத் தாங்கியை மடிக்க மறந்திருப்பீர்கள்! தாங்கி இறங்கியிருக்கக் கியர் போட்டால் எஞ்சினை அணைத்துவிடும் சுவிற்ச் பல புதிய சைக்கிள்களில் உண்டு. தாங்கியை மடித்தும் அணைந்தால், அந்தச் சுவிற்சிலே சேறு அடைத்திருக்கும். அதேபோல், 'அக்குவா' முதலான ஹைபிரிட் கார்களிலே கியர் போட்டதும் எஞ்சின் மௌனமாவது நோயன்று. மின்மோட்டார் வேலையைப் பொறுப்பேற்றுக்கொண்டது என்பதே பொருள். அக்சிலேற்றரைத் தொட்டால் வண்டி நகரும்.

இக்காலத்து மெக்கானிக்குகளுக்குக் கணினி ஒரு துணை. வண்டியின் ஓபிடி துளையிலே சிறு கருவியைச் செருகினால், குறியிலக்கம் ஒன்று வரும். பி0506 என வந்தால், ஐடில் எதிர்பார்த்ததிலும் குறைந்தது. பி0742 என வந்தால், கொன்வேர்ட்டர்ப் பூட்டுத் திறவாமல் நின்றது. ஆயினும் ரப்பர் கிழிந்ததையும் மவுண்ட் உடைந்ததையும் கருவி சொல்லாது. கண்ணும் காதுமே சொல்லும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பழைய கார்களின் விலை ஏறியதும், உள்ளதையே பேணி ஓட்டவேண்டி வந்ததும் நாம் யாவரும் கண்டதே. அத்தகைய காரிலிருந்து நல்ல கியர்ப்பெட்டியைக் கழற்றி எறிந்து, எங்கோ கழற்றிய மற்றொன்றைப் பூட்டுவது, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். கராஜுக்குப் போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: காலைக் குளிரிலா சூடேறிய பின்பா நிற்கிறது, 'டீ'யிலா, 'ஆர்' இலா, இரண்டிலுமா, நடுங்கி அணைகிறதா, பாய்ந்து நிற்கிறதா, பிரேக்கை மட்டும் மிதித்தால் என்ன நடக்கிறது, ஏ.சி. போட்டால் என்ன நடக்கிறது. கடைசியாக யார், எதைக் கழற்றினார். இவ்வைந்தாறு வரிகளையும் வாசித்துப் பார்த்த பின்னும் மெக்கானிக் வண்டியைத் தொடாமலே கியர்ப்பெட்டியின் விலையைச் சொல்வாராயின், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜைத் தேடலாம்.